மோட்டார் வைக்க எந்த சைக்கிள்? பிரேமைப் பார்ப்பதற்கு முன்னால் காடியைப் பாருங்கள்

கொரடாச்சேரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருவாரூருக்கு வேலைக்குப் போய் வரும் ஒரு தம்பியின் கேள்வி இது. போக வர 25 கி.மீ. வீட்டில் தாத்தா ஓட்டிய 22 அங்குலக் கறுப்பு சைக்கிள் இருக்கிறது. தங்கைக்குப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்த லேடீஸ் சைக்கிளும் இருக்கிறது. இரண்டும் சரிவராது என்றால் அலுமினிய பிரேம், முன்னால் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் எல்லாம் உள்ள கியர் சைக்கிள் ஒன்றைப் புதிதாக வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார். இவற்றில் எதில் மோட்டார் வைக்கலாம், பெட்ரோலா பேட்டரியா என்று கேட்கிறார். அவ்வப்போது ஒரு யூரியா மூட்டையும் ஏற்ற வேண்டியிருக்குமாம்.

தம்பி, மூன்றும் வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். 26 அங்குலச் சக்கரம், இரும்பு பிரேம், எங்கேயும் சஸ்பென்ஷன் கிடையாது, நம் ஊரில் 'ரேஞ்சர்' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்த வகைப் பழைய சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதுவும் பின்னால் கியர் போட்டு வந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால் தாத்தா சைக்கிளை எடுக்கலாம், ஆனால் அதற்கு வேறு மாதிரியான மோட்டார் வேண்டும்.

பெட்ரோல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)இன்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் 25 சிசிக்கு மேற்படாத என்ஜின் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. ஆனால் சைக்கிளுக்கென்று விற்கும் டூ ஸ்ட்ரோக் கிட்டுகள் 48 சிசி, 66 சிசி என்றுதான் வருகின்றன. 66 சிசியையே '80 சிசி' என்று பெட்டியில் போட்டு விற்பார்கள். அதை மாட்டிவிட்டால் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டும், பட்டறையில் கட்டிய வண்டிக்குப் பதிவு வாங்குவது நடக்கிற காரியமில்லை. புல்வெட்டி என்ஜினைக் கழற்றி மாட்டுகிறவர்கள் உண்டு, அவற்றிலும் பல 25ஐத் தாண்டியவை. அதிர்வு வேறு. இந்த கிட்டின் பிடிகள் ஏறத்தாழ 28 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய இரும்புக் குழாய்க்கென்று செய்தவை. தடிமனான குழாய் என்றால் பிடி எட்டாது, உடனே குழாயில் துளை போட்டு போல்ட் முடுக்கச் சொல்வார்கள். கீழ்க்குழாயில் துளை போட்ட பிரேம் அந்தத் துளையிலிருந்துதான் விரிசல் விடும். இதற்கு மேல் பெட்ரோலைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

பேட்டரியில் சட்டம் எளிது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அதை மோட்டார் வாகனமாக எடுத்துக்கொள்வதில்லை. கிட் விற்பவரிடம் புனே ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்பின் சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

250 வாட் போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். மலைப்பக்கத்துக்காரர் கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வேன். நம் டெல்டாவில் ஏற்றம் என்றால் ஆற்றுப்பாலத்துக்கு ஏறும் சரிவுதான், அதற்கு மிஞ்சினால் கரை ஏறுவது. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள், காற்று இல்லை என்று வைத்துக்கொண்டால் 25 கி.மீ. வேகத்துக்கு ஏறத்தாழ 200 வாட் ஆகும். நமக்குள்ள சோதனை காற்றுதான். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது காலையில் கிழக்கே திருவாரூர் போவது சுகமாக இருக்கும். மாலையில் திரும்பும்போது அம்மி பறக்கிறதோ இல்லையோ, மணிக்கு 15 கி.மீ. எதிர்காற்றுக்கே அதே வேகத்துக்கு 350 வாட்டுக்கு மேல் கேட்கும். ஆகவே அந்த மாதத்தில் வேகம் குறையும், கூடவே நீங்களும் மிதிக்க வேண்டும். மிதிக்கத் தோதான பிரேம் வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். உங்கள் உயரத்துக்குப் பெரிய பிரேமை எடுத்து, பாரில் அடிபட்டு இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் மோட்டார் இருந்தும் பயனில்லை. நிற்கும்போது கால் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். மோட்டார் வைத்த சைக்கிள் கனமானது, சந்தைக்கூட்டத்தில் சாய்ந்தால் ஒற்றை விரலால் தாங்க முடியாது.

இப்போது பிரேம். எல்லோரும் குழாயின் தடிமனையும் பெயிண்டையும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது சக்கரத்தின் அச்சு உட்காரும் காடியை. சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரை வைத்தால் சாதாரணச் சக்கரத்துக்கு இல்லாத ஒரு வேலை அந்தக் காடிக்கு வந்துவிடுகிறது. சாதாரணச் சக்கரத்தில் அச்சு சும்மா நிற்கும், அதைச் சுற்றிச் சக்கரம் சுழலும். ஹப் மோட்டாரில் சக்கரத்தை முன்னால் தள்ளும் அதே முறுக்கு, அச்சைப் பின்னால் திருகப் பார்க்கும். 250 வாட் கியர் ஹப் மோட்டார் கிளம்பும்போது 30, 40 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு வரும். அந்த அச்சு 12 மி.மீ. தடிமன், இரண்டு பக்கம் தட்டையாகச் சீவி 10 மி.மீ. அவ்வளவு சின்ன இடத்தில் அந்த முறுக்கு வந்து உட்காரும்போது காடியின் உதடுகள் மேல் சில நூறு கிலோ அளவுக்கு விசை விழுகிறது. தேய்ந்த ஸ்பேனரின் வாயில் நட்டு வழுக்குவது போல, அச்சு காடியை விரித்துக்கொண்டு திரும்பிவிடும். திரும்பினால் முதலில் அறுந்துபோவது அச்சின் நடுவே வரும் மோட்டார் ஒயர், அடுத்து சக்கரம் கழன்றுவிடும்.

இரும்புக் காடி என்றால் விரியும், வளையும், நீங்கள் பார்த்துச் சரிசெய்யலாம். அலுமினியக் காடி அப்படி முன்கூட்டிச் சொல்லாது, ஒருநாள் உடைந்துவிடும். அதனால்தான் அலுமினிய பிரேம் வேண்டாம் என்கிறேன். மின்சைக்கிளுக்கென்றே தொழிற்சாலையில் தடித்த காடியோடு செய்த அலுமினிய பிரேம் வேறு கதை, அது மோட்டாரோடு சேர்ந்தே வரும். நீங்கள் பார்த்துவைத்திருப்பது சாதாரண கியர் சைக்கிள். அதன் முன் சஸ்பென்ஷன் போர்க்கின் அடிக்கால் பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம் அல்லது மக்னீசியம். அதில் முன் ஹப் மோட்டார் வைக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பின் காடி உடைந்தால் வண்டி நிற்கும், முன் காடி உடைந்தால் நீங்கள் தலைகுப்புற விழுவீர்கள்.

எந்த பிரேமாக இருந்தாலும், அச்சு திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் கட்டாயம். 5 அல்லது 6 மி.மீ. இரும்புப் பட்டாவில் 10 மி.மீ. வாய் வெட்டி அச்சின் தட்டையில் இறுக்கமாக உட்காரவைத்து, மறுமுனையை பிரேம் குழாயில் கிளாம்ப் போட்டுப் பிடிப்பது, அவ்வளவுதான். லேத் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. வாய் தொளதொளவென்று இருந்தால் அது இருந்தும் இல்லாததும் ஒன்று, தட்டித்தான் ஏற வேண்டும்.

அடுத்து பின் போர்க்கின் அகலம். காடிக்கும் காடிக்கும் உள்ளே அளந்தால் சாதாரண ஒற்றை கியர் சைக்கிளில் 110இலிருந்து 120 மி.மீ. வரை இருக்கும். பின் ஹப் மோட்டாருக்கு 135 வேண்டும். கியர் போட்டு வந்த ரேஞ்சர் நல்லது என்று சொன்னது இதற்காகத்தான், அதில் 130 அல்லது 135 ஏற்கெனவே இருக்கும். குறைவாக இருந்தால் இரும்பு பிரேமை விரிக்கலாம். ஒரு நீள ஸ்டட் கம்பியில் இரண்டு நட்டு போட்டு உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இரும்பு திரும்பி வரும், அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி விட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வளையும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். ஒரு காடியில் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து, மறு காடியில் இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாயின் இரண்டு பக்கமும் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அளந்தால் எந்தப் பக்கம் கோட்டம் என்று தெரிந்துவிடும். விரித்த பிறகு இரண்டு காடித் தகடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் நட்டு முடுக்க முடுக்க அச்சு வளையும். அலுமினியத்தை இப்படி ஒரு மில்லிமீட்டர்கூட விரிக்கக் கூடாது.

முன் சக்கரத்தில் மோட்டார் வைத்தால் இந்த விரிக்கும் வேலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் நம் மண் களிமண். தாளடி நடவு நேரத்தில் கரைமேல் ஓட்டிப் பாருங்கள், பாரம் குறைவாக உள்ள முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், வழுக்கினால் ஹேண்டிலும் கையில் நிற்காது. பின்சக்கரம்தான் நமக்குச் சரி.

தாத்தா சைக்கிளுக்கு வருவோம். பிரேம் என்று மட்டும் பார்த்தால் அதற்கு இணை கிடையாது. லக் வைத்துப் பித்தளை ஊற்றிப் பற்றவைத்த இரும்புக் குழாய், நீளமான சக்கர இடைவெளி, படுத்த மாதிரி சாய்ந்த முன் போர்க். குண்டும் குழியுமான கப்பிச் சாலையில் கையை விட்டால்கூட நேராகப் போகும். நடு முக்கோணம் பெரிது, 36 வோல்ட் பேட்டரிப் பெட்டி தாராளமாக உட்காரும். எடை நடுவில், தாழ்வாக இருப்பது எவ்வளவு நல்லது என்பது பேட்டரியைக் கேரியரில் வைத்து ஓட்டியவருக்குத் தெரியும்.

வில்லங்கம் பிரேமில் இல்லை, அதைச் சுற்றியுள்ள மற்றவற்றில் இருக்கிறது. அதன் ரிம் 28க்கு 1½. முன் ரிம்மில் 32 துளை, பின் ரிம்மில் 40 துளை. ஹப் மோட்டார்களில் வழக்கமாக 36 துளை. ஆகவே உங்கள் ரிம்மில் அந்த மோட்டாரைப் போக்ஸ் கம்பி கோத்து ஏற்ற முடியாது. சரி, 26 அங்குல ரிம்மோடு வரும் மோட்டார் சக்கரத்தையே அதில் போட்டுவிடலாமா? போட்டால் வண்டி தாழும், பெடல் தரையில் தட்டும், பிரேக் ரிம்மை எட்டாது. அதில் இருப்பது கம்பி பிரேக், ரிம்மின் உள்பக்கத்தைக் கீழிருந்து பிடிப்பது. குரோம் போட்ட இரும்பு ரிம் மழையில் நனைந்தால் அது பிடிப்பதும் பிடிக்காததும் நம் அதிர்ஷ்டம். கிட்டோடு வரும் பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கும், கம்பி பிரேக்கோடு அதைச் சேர்க்க வழியில்லை. பின்ஸ்டாண்டு, கேரியர் கால், மட்கார்டு கம்பி எல்லாமே பின் அச்சில்தான் கோத்து நிற்கும். மோட்டாரின் தடித்த அச்சுக்கு எல்லாத் துளையையும் பெரிதாக்கினாலும், நட்டு பிடிக்க மரை மிஞ்சாது. இத்தனையையும் லேத்தில் மாற்றினால் செலவு ஒரு பழைய ரேஞ்சரின் விலையைத் தாண்டிவிடும்.

அதனால் தாத்தா சைக்கிள்தான் என்று மனது சொன்னால் ஹப் மோட்டாரை விட்டுவிடுங்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தகடு போட்டுத் தொங்கவிட்டு, தனிச் செயினால் இழுக்கும் 24 வோல்ட் 250 வாட் கியர் மோட்டார் கிடைக்கிறது. அதில் சக்கரத்தை மாற்ற வேண்டாம், பின் போர்க்கை விரிக்க வேண்டாம், அச்சும் திருகாது. உருண்டையான இரும்புக் குழாய் என்பதால் கிளாம்ப் நன்றாகக் கடிக்கும். சத்தம் கொஞ்சம் இருக்கும், செயினுக்கு மூடி போட வேண்டும், வேட்டியோ புடவையோ கட்டி ஓட்டுவதாக இருந்தால் நிச்சயம் போட வேண்டும். பிரேக்குக்கு நல்ல ரப்பர் கட்டை போட்டு, வேகத்தை 20க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

லேடீஸ் சைக்கிளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மேல் பார் இல்லாததால் பிரேம் முறுகும், பேட்டரிக்கு முக்கோணம் இல்லை, கேரியரில் வைத்தால் மூட்டைக்கு இடமில்லை. ஆள் மட்டும் மெதுவாகக் கடைத்தெருவுக்குப் போய் வரப் போதும். தினம் 25 கி.மீ.க்கும் யூரியாவுக்கும் அது வேண்டாம். தங்கை ஓட்டட்டும்.

பழைய ரேஞ்சர் வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியவை. டெல்டாவில் பழைய பிரேமைக் கெடுப்பது ஓட்டம் இல்லை, தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் உருட்டிய வண்டிகள் இவை. சீட்டுக் குழாய் வழியாக இறங்கிய நீர் பெடல் அச்சு உள்ள கீழ்க்கூட்டில் போய்த் தங்கும், பிரேம் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். சீட்டுத் தண்டைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற வரவில்லை என்றாலே யோசிக்க வேண்டும். வந்தால் செல்போன் விளக்கை உள்ளே அடித்துப் பாருங்கள், வண்டியைத் தலைகீழாக்கித் தட்டுங்கள். துருத்தூள் கொஞ்சம் கொட்டினால் பரவாயில்லை, தகடு தகடாக உரிந்து வந்தால் வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்று குடித்திருக்கும், இரண்டு மடங்கு கவனம் வேண்டும். வாங்கிய பிறகு கீழ்க்கூட்டின் அடியில் நீர் வடியச் சின்னத் துளை இல்லையென்றால் ஒன்று போட்டுவிட்டு, குழாய்களுக்குள் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றிச் சுழற்றி வடியவிடுங்கள். கீழ்க்குழாயில் துளை வேண்டாம் என்ற நானே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கூடு தடித்தது, பாரம் அந்தத் துளையை இழுக்காது.

விரிசல் தேட வேண்டிய இடம் ஹேண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் மூலை. அங்கே பெயிண்ட்டில் முடிபோல ஒரு கோடு, அதிலிருந்து துரு கசிந்திருந்தால் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். மிதித்து ஓட்டும் வண்டிக்கு அது நிற்கலாம், மோட்டார் வண்டிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பக்கவாட்டில் நின்று முன் போர்க்கையும் பாருங்கள். ஹேண்டில் குழாயின் நேர்க்கோட்டிலேயே கீழே இறங்கி, நுனியில் மட்டும் முன்னோக்கி வளைய வேண்டும். மேலேயே பின்வாங்கியிருந்தால் எங்கோ மோதிய வண்டி. பின் போர்க்குக்கும் டயருக்கும் இடையே விரல் நுழையும் இடம் இருக்கிறதா? 2.125 டயர் போட்டு மட்கார்டும் மாட்டினால் களிமண் அடைத்துக்கொள்ளாமல் சுற்ற அந்த இடம் வேண்டும். காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் அந்த டயரே நம் சாலைக்குப் போதுமான சஸ்பென்ஷன். பிரேக், ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் பிடிக்கும் 'வி' வகையாக இருக்க வேண்டும், அதற்கான குமிழ்கள் போர்க்கில் பற்றவைத்து வந்திருக்க வேண்டும். பின்னால் தனியாக வெல்டிங் வைப்பதை நம்பாதீர்கள்.

யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. கேரியர் இரும்பில், நாலு காலும் பிரேமில் தனி போல்ட்டில் நிற்கும்படி இருந்தால் எப்போதாவது ஏற்றலாம், மெதுவாக ஓட்டலாம், பாலம் ஏறும்போது மிதித்து உதவ வேண்டும். கால்களை மோட்டார் அச்சில் கோக்காதீர்கள். வாரம் இரண்டு முறை மூட்டை என்றால் எந்த சைக்கிள் பிரேமும் அதற்கு ஆனதில்லை. டிவிஎஸ் 50 வந்த 1980இலிருந்து நம் வரப்போரங்களில் அந்த வேலையை மொபெட் செய்துகொண்டிருக்கிறது, செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்குவது மலிவு.

கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பிரேமை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பின் காடிகளுக்கு இடையே அகலம், காடியின் வாய் எத்தனை மி.மீ., காடித் தகட்டின் தடிமன், முக்கோணத்துக்குள் பேட்டரிக்கு எவ்வளவு நீளம் கிடைக்கிறது, இந்த நான்கையும் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். காடி வாய் 10 மி.மீ.க்கு அரை மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக அரம் போடலாம். அதைவிட அதிகம் அரம் போட வேண்டி வந்தால், அல்லது தகடு 3 மி.மீ.கூட இல்லையென்றால், இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் ஒயர் அச்சிலிருந்து வெளிவரும் இடத்தில் அதைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டச் சொல்லுங்கள், மழைநீர் ஒயர் வழியாக உள்ளே இறங்காது.